கேட்காமல் அனுப்பிய மூன்று நிமிடம்

சர்ச் முடிந்து, சாப்பிட்டு, அம்மா பாத்திரம் தேய்க்கப் போன நேரம். பின்பக்க அறையின் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அரிசி மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்து, மடியில் பேஸ் கிதாரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தறி அமாவாசைக்குத்தான் ஓயும். அன்று ஞாயிறும் அமாவாசையும் ஒன்றாக வந்துவிட்டதால் எங்கள் தெரு முழுக்க அப்படி ஓர் அமைதி.

நான் வாசித்துக்கொண்டிருந்தது நாலே ஸ்வரம். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நாற்பது தடவை வாசித்தும் திருப்தியில்லை. கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பதிவை ஓடவிட்டேன்.

வெளியே அப்பா, முனிசிபல் தண்ணீருக்காக நீலநிற பிளாஸ்டிக் டிரம்மைக் குழாயடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. என் நாலு ஸ்வரம் போர்வையைத் தாண்டி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காலி டிரம்மின் மேல் முதலில் ஒரு விரல் விழுந்தது. பிறகு இரண்டு விரல். பிறகு உள்ளங்கை.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. என் ஸ்வரங்களுக்கு நடுவே எங்கெங்கே இடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாத இடங்களில் அந்தக் கை போய் விழுந்தது. கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்துவிட்டது. மூன்று நிமிடம் இருக்கும். குழாய் சீறியது. "தண்ணி வந்துடுச்சி, குடத்த எடு" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவுதான்.

அந்தப் பதிவை அன்று சாயங்காலமே இத்தாலிக்கு அனுப்பினேன். அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்

சர்ச் பாடகர் குழுவில் யாரும் தொடாமல் மூலையில் கிடந்த பேஸ் கிதார் என் கைக்கு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "கீர்த்தனை வாசித்த பெண்ணுக்கு இத்தாலிக்காரர்களிடம் என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அப்போது நான் ஏனாத்தூர் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். பல்லைவிடச் சின்னதான பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்க வேண்டும். எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேலை. எனக்கோ இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார வராது.

எங்களைக் காஞ்சிபுரத்திலிருந்து ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் என் அப்பாதான். டேவிட் அண்ணன் என்றால் அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் மரியாதை. நான் அவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, போனில் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவிக்கொண்டே வருவேன்.

அப்படித் தாவும்போது விழுந்ததுதான் அந்த இத்தாலியப் பாட்டு. டார்க் வேவ், போஸ்ட் பங்க் என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வழக்கமாகப் பின்னால் நிற்கும் பேஸ் கிதார் முன்னால் வந்து நடக்கிறது. கிதார் எங்கோ தூரத்தில் அழுகிறது. பாடுகிறவள் கிணற்றுக்குள் நின்றுகொண்டு, மேலே எட்டிப் பார்ப்பவர்களிடம் பேசுவதுபோலப் பாடுகிறாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் காலுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ வெளியே எடுத்து வைத்ததுபோல் இருந்தது. சுங்குவார்சத்திரம் வந்ததுகூடத் தெரியவில்லை.

வீட்டில் ஒருநாள் அதைச் சத்தமாக வைத்தேன். அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னாடி இது, எழவு வூட்டு ஒப்பாரி மாதிரி இருக்குது?"

"அப்டித்தாம்மா இருக்கும்."

"சம்பளம் வாங்கினு எழவு கேக்குது பாரு இது" என்று உள்ளே போய்விட்டாள்.

போலோக்னாவில் இரண்டு பேர்

கியாரா, லொரென்சோ என்று இரண்டு பேர். போலோக்னா நகரத்தில் கியாரா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். லொரென்சோ லிப்ட் பழுதுபார்ப்பவன். அவள் பாட்டு எழுதிப் பாடுவாள். அவன் கிதாரும், டிரம் மெஷின் என்கிற மின்தாளமும். குழுவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயருக்குத் தமிழில் "ஈரச் சுவர்" என்று அர்த்தம் வரும். முதல் இசைத்தட்டுக்குப் பாதி வேலை முடிந்திருந்த சமயத்தில் பேஸ் வாசித்தவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் வாசித்து அனுப்புங்கள் என்று இணையத்தில் கேட்டிருந்தார்கள்.

போனை ஜன்னல் திட்டில் வைத்து வாசித்து அனுப்பினேன். மறுநாள் கியாரா ஆங்கிலத்தில் எழுதினாள். "நன்றாக இருக்கிறது. பின்னால் ஓடுவது என்ன மெஷின்?"

பக்கத்து வீட்டுத் தறி என்று எழுதினேன். சேலை நெய்கிறார்கள் என்று விளக்கினேன். அவள் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டு, "அந்த மெஷின் இல்லாமல் இன்னொரு தடவை வாசிக்க முடியுமா?" என்று கேட்டாள். அப்படித்தான் என் அமாவாசைகள் பதிவு நாட்களாயின.

ஏழெட்டு மாதத்தில் ஏழு பாட்டு முடித்தோம். அவள் இத்தாலிய வரிகளை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவாள். ஒரு பாட்டு பூட்டிய கடையைப் பற்றியது. இன்னொன்று லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட கிழவர் பாடுவது. அது லொரென்சோவின் அனுபவம். நான் பார்க்காத ஊர், சந்திக்காத மனிதர்கள். ஆனாலும் வேலையில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் என் விரல்கள் அந்தப் பாட்டுக்குள்தான் இருந்தன. வெளியீட்டு விழாவில் மேடையில் நீ எங்களோடு நிற்க வேண்டும் என்று கியாரா சொன்னாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

எட்டாவது பாட்டுத்தான் அந்த நாலு ஸ்வரம்.

டிரம் பதிவைக் கேட்ட லொரென்சோ உடனே அழைத்தான். வேலையில் இருந்தான் போலிருக்கிறது, தலையில் தொப்பி விளக்கு.

"யார் இது? யார் வாசிப்பது?"

"என் அப்பா."

"அவர் இசைக்கலைஞரா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஒரு பெருமை தலைக்கு ஏறிவிட்டது. "சின்ன வயதில் கிராமத்தில் சாவுக்கு மேளம் அடித்தவர். எங்கள் குடும்பமே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் தொப்பி விளக்கை அணைத்தான். பிறகு, "இசைத்தட்டில் முதல் பாட்டு இதுதான்" என்றான்.

வீட்டில் பேசாத பேச்சு

எனக்கே அந்த விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் யாராவது "டேவிட்டு அப்பல்லாம் இன்னா அடி அடிப்பான்" என்று ஆரம்பித்தால், அப்பா எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். தெருவில் சாவு ஊர்வலம் போனால் டீவி சத்தத்தைக் கூட்டுவார். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கும் தன் ஊருக்கு எங்களை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை.

அவர் ஊரை விட்டு வந்து, கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநர் ஆகி, ஞானஸ்நானம் வாங்கிப் பெயர் மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் பஸ் ஏறுகிறவர். அந்தச் சட்டைக்கு முந்தைய வாழ்க்கையை யாரிடமும் காட்டியதில்லை. இவ்வளவும் தெரிந்துதான் அனுப்பினேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கு இங்கே எழுதினால் அது பொய்.

பஸ்ஸில் வாசித்த செய்தி

தட்டு வருவதற்கு முன்னால் ஒரு பாட்டை இணையத்தில் வெளியிடுவது வழக்கமாம். லொரென்சோ எட்டாவது பாட்டை வெளியிட்டான். கூடவே நாலு வரி எழுதி, என் பெயரையும் அதில் கோத்துவிட்டிருந்தான். அன்று காலை நான் அதைப் பார்க்கவில்லை. என்னோடு வேலை செய்யும் கோமதி பார்த்துவிட்டாள்.

காலை ஷிப்ட். பஸ் வாலாஜாபாத் தாண்டியிருந்தது. பாதிப் பேர் தூக்கத்தில்.

"ஏய் ஜெபா! சொல்லவே இல்ல பாத்தியா!" கோமதி எழுந்து நின்றுவிட்டாள். "டேவிட் அண்ணே, உங்க பொண்ணு இட்டாலில பேமஸ் ஆயிட்டாண்ணே. உங்களப் பத்தியும் போட்டுக்கிறாங்க!"

தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். "படி படி" என்று பின்னாலிருந்து குரல். நான் கையை நீட்டி போனைப் பிடுங்குவதற்குள், அது மொழிபெயர்த்துக் காட்டியதை அவள் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

"இந்தப் பாட்டுல நீங்க கேக்கறது நெஜமான மரண மேளம். தென்னிந்தியாவுல தலைமுறை தலைமுறையா சாவுக்கு மேளம் அடிக்கிற குடும்பத்தச் சேர்ந்த..."

அந்த இடத்தில் அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. அவள் கெட்ட எண்ணத்தில் வாசிக்கவில்லை. வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்தாள்.

யாராவது கேலி செய்திருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். பின்சீட்டில் ஒருவர் இருமினார். ஒருவர் ஜன்னலைத் திறந்தார். வருடக்கணக்காக "அண்ணே" என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே இருந்த கண்ணாடியில் எனக்கு அவர் கண் தெரியும். அது சாலையை விட்டு அசையவில்லை. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பெனி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக நான்.

"அப்பா..."

"எறங்கு. டைம் ஆவுது."

மூன்று நாள்

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், பஸ் ஓட்டினார். அம்மாவிடம் பேசினார். நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வேலையில் நல்ல பாகங்களைக் கெட்ட பெட்டியில் போட்டுத் திட்டு வாங்கினேன். கியாரா அனுப்பிய செய்திகளைத் திறக்கவில்லை. பாட்டை நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று முதல் வரி மட்டும் திரையில் தெரிந்தது. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், பஸ்கள் நிற்கும் மைதானத்துக்கு நடந்தேன். அப்பா எங்கள் பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

டப்பாவை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"எங்க நைனா செத்த அன்னிக்குத்தான் ஊர்ல பெரிய வூட்லயும் ஒரு சாவு. எனக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கும். காத்தால ஆள் வந்துட்டாங்க. நைனா உள்ள கெடக்கறாரு. 'அத்த அப்பறம் பாத்துக்கலாம், நீ மோளத்த எடுத்துக்கினு வா'ன்னாங்க."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

"போனேன். மாட்டேன்னு சொல்ற தைரியம் இல்ல. பொழுது சாயற வரைக்கும் அடிச்சேன். நல்லா அடிக்கிறான்னு சொல்லிக்கினு இருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா நைனா இல்ல. மழ வர்ற மாதிரி இருந்துச்சுன்னு எடுத்துட்டாங்க. ஆத்தோரம் பொதச்சிட்டோம்னாங்க. விடிஞ்சி போய்ப் பாக்கறேன். பேஞ்ச மழையில எல்லா மேடும் கரஞ்சிப் போயிருக்குது. எந்த மேடுன்னு எவனுக்கும் காட்டத் தெரியல."

கையை வேட்டி ஓரத்தில் துடைப்பதுபோலக் காக்கிப் பேண்ட்டில் துடைத்தார்.

"மோளத்த அங்கியே போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்."

"அப்பா, நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வாணாம்னு சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும்." முதல்முறையாக என்னைப் பார்த்தார். "நீ வாசிக்கறது தப்பில்லமா. நல்லாத்தான் வாசிக்கிற. என் கைய மட்டும் எடுத்துடச் சொல்லு."

"எடுத்துடறேன்பா."

"உன்னால முடியுமா?"

"முடியும்" என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது.

லொரென்சோவின் கோபம்

அன்று சாயங்காலமே அழைத்தேன். திரையில் இருவரும் இருந்தார்கள். கியாரா மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் அனுப்பியது, பெருமைக்குச் சொன்னது, பஸ், பெரிய வீடு, மழை. ஆங்கிலம் போதாத இடத்தில் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தேன்.

லொரென்சோ எழுந்து திரையை விட்டுப் போனான். திரும்பி வந்தான். தட்டு போடும் சின்னக் கம்பெனி இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டதாகச் சொன்னான். தட்டு அச்சுக்குப் போகும் வாரம் இது. எழுதியதை அழித்துவிடுகிறேன், பெயரை எடுத்துவிடுகிறேன், ஒலி மட்டும் இருக்கட்டும். யார் அடித்தது என்று யாருக்குத் தெரியப் போகிறது என்றான்.

"அவருக்குத் தெரியும்" என்றேன். "அது இருந்தால் என் பேஸையும் எல்லாப் பாட்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள்."

"அப்படியானால் தட்டே இல்லை."

"ஆமாம்."

கியாரா வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். "இது எதுவும் தெரியாமல் நான் அதன் மேல் பாடியிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவனிடம் இத்தாலிய மொழியில் வேகமாகப் பேசினாள். அவன் கத்தினான். அவள் கத்தவில்லை. அன்றே பாட்டு இணையத்திலிருந்து இறங்கியது.

அதற்கு விலை இருந்தது. தட்டு பல மாதம் தள்ளிப்போனது. லொரென்சோ எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டான். வெளியீட்டு மேடையில் என் இடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் வாசிக்கப்போகிறார் என்று கியாரா தயங்கித் தயங்கி எழுதினாள். அதற்குள் வந்துவிட்டிருந்த பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டிவிட்டு அன்று அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எட்டாவது பாட்டை மின்தாளத்தில் மறுபடி செய்து, தட்டின் கடைசிக்குத் தள்ளினார்கள். அது முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. இசை தெரிந்தவளாக இதைச் சொல்கிறேன். மகளாக எனக்கு அந்தப் பாட்டில் குறை ஒன்றும் இல்லை.

ஆற்றோரம்

அதெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், "கெளம்பு, ஊருக்குப் போய்ட்டு வரலாம்" என்றார் அப்பா. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவும் நானும் பைக்கில் போனோம். ஊருக்குள் நிற்காமல் நேராக ஆற்றுப் பக்கம் விட்டார்.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலும் சீமைக்கருவேலமும்தான். சுடுகாட்டில் சிமெண்ட் வைத்துப் பெயர் எழுதிய சமாதிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அப்பா அவற்றுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனார். திரும்பி வந்து இந்தப் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். ஏதோ ஓரிடத்தில் நிற்கப் பார்த்து, நிற்காமல் நகர்ந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இங்கியா இருக்கும்பா?"

"தெரியலமா. எல்லாமே அவுருதுன்னு நெனச்சிக்க வேண்டியதுதான்."

கருவேல நிழலில் நின்றோம். வெயிலில் கண் கூசியது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அந்த தட்டு அட்டையில பேரெல்லாம் போடுவாங்கன்னியே. இன்னும் அச்சடிக்கலதான?"

"இல்லப்பா. உன் பேர் போடணுமா?"

"என் பேர் வாணாம். நைனா பேர் போடச் சொல்லு. கன்னியப்பன். மோளம் கீளம்னு ஒரு வார்த்த வரக்கூடாது. எந்த ஊரு, இன்னா ஜாதி, ஒண்ணும் வரக்கூடாது. பேர் மட்டும்." கருவேல முள்ளைச் செருப்பிலிருந்து பிடுங்கி எறிந்தார். "அவுர எவனும் பேர் சொல்லிக் கூப்டதில்ல. வாடா போடாதான்."

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. அங்கேயே நின்று கியாராவுக்கு எழுதினேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "யார்?" என் தாத்தா என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லொரென்சோவிடமிருந்து செய்தி வந்தது. அட்டை வடிவமைப்பது அவன்தான். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் எழுதிய முதல் வரி அது: "எழுத்து எல்லாம் சரியா என்று பார்." கீழே ஆங்கில எழுத்தில் கன்னியப்பன். இரண்டு "n" வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சொன்னேன். திருத்தி அனுப்பினான்.

அட்டையின் பின்பக்கம்

பார்சல் ஒரு நாள் மதியம் வந்தது. அப்பா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்து பார்த்தார்.

கறுப்புத் தட்டு. அட்டையில் ஈரம் பூத்த ஒரு சுவரின் படம். அதைச் சுழலவிட்டுக் கேட்க எங்கள் வீட்டில் கருவி கிடையாது. அம்மா தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி, "இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாள்.

அட்டையின் பின்பக்கம் எட்டுப் பாட்டின் பெயர்கள். அதற்குக் கீழே கியாரா, லொரென்சோ, நான். பிறகு கொஞ்சம் இடம் விட்டு, தனியாக ஒரு வரி.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்து இன்னொரு தடவை படித்தார்.

"இத்த அங்க எத்தினி பேர் பாப்பாங்க?"

"ரொம்பப் பேர்லாம் இல்லப்பா. கொஞ்சம் பேர்தான்."

தலையாட்டினார். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, கிளம்புவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நைனா நல்லா நீச்சல் அடிப்பாரு" என்றார். "அப்பல்லாம் ஆத்துல வெள்ளம் வரும். எங்கள முதுகுல ஏத்திக்கினு அக்கரைக்கிப் போவாரு. கொய்யாப்பழம் இருக்கும் அந்தப் பக்கம்..."

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். தாத்தாவைப் பற்றி அவர் செத்த நாளைத் தவிர வேறொன்றை நாங்கள் கேட்பது அதுதான் முதல்முறை. கொய்யாத் தோப்புக்காரன் துரத்தியது, ஆற்றைத் தாண்டும்போது வேட்டி அவிழ்ந்து போனது, அதற்குத் தாத்தா சிரித்த சிரிப்பு. சொல்லிக்கொண்டே போனார்.

அன்று கம்பெனி பஸ் காஞ்சிபுரத்திலிருந்து இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.